செவ்வாய்க்கிழமை முத்திரை

என்னைக் கஞ்சம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. கடைசி என்று சொன்னால்தான் வரும். மூன்று திங்கட்கிழமை தொடர்ந்து என் கட்டடத்தைக் கடைசி என்று எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார்கள். வேதியியல் கட்டடத்தின் சாவிக்கொத்து பதினெட்டு வருஷமாக என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஒரு குழாய் சொட்டினால் கூடத் தூக்கத்தில் எனக்குக் கேட்கும். என்னைப் போய்க் கடைசி என்றால்?

அந்த வசந்தத்தில் எங்கள் ஊரான தைச்சுங்கில் மழை பெய்யவே இல்லை. முந்தின வருஷம் ஒரு புயல் கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நீர்த்தேக்கத்தின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைத் தினமும் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர், இரண்டு நாள் கிடையாது என்றாகிவிட்டது. எங்கள் பகுதிக்குப் புதனும் வியாழனும் கிடையாது. அந்த இரண்டு நாளும், பூமிக்கடியில் தொட்டியில் பிடித்து வைத்ததைக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் மாடிக் குழாய்களில் திறந்துவிடுவோம். நடுவில் யாருக்கு அவசரமென்றாலும் வாளித் தண்ணீர்தான்.

வளாகத்தில் எட்டுக் கட்டடங்களுக்கும் போட்டி வைத்தார்கள். எந்தக் கட்டடம் எவ்வளவு தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் பிடித்தது என்று திங்கட்கிழமை தோறும் வரிசை எழுதி ஒட்டுவார்கள். இயற்பியல் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆஹோங் முதல் வாரமே முதலிடம். மத்தியான சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நிற்பான்.

"ஏம்மா யூஷியா, உங்க கட்டடத்துல பரிசோதனை பண்றாங்களா, இல்ல நெல்லு நடுறாங்களா?"

"போய்யா. உங்க ஆளுங்க நாள் பூரா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. சுவத்துக்குத் தண்ணி எதுக்கு?"

"சுவத்தைப் பாத்தாவது முதல்ல வரோம்ல?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். எனக்குச் சோறு இறங்காது.

அதனால் இறங்கி வேலை செய்தேன். எல்லாக் குழாயிலும் சல்லடை மாட்டித் தண்ணீரை நூல் போல ஆக்கினேன். ஏசியிலிருந்து சொட்டுவதைப் பிடிக்க ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் வாளி வைத்தேன். ஏசியை இருபத்தெட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டேன். காலை பத்து முதல் மாலை நாலு வரைக்கும் லிஃப்டை நிறுத்தினேன். பேராசிரியர்கள் கூட மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியும் மூன்றாவது திங்கட்கிழமை கடைசிதான்.

அப்போதுதான் என் கண் அவசர ஷவர் மேல் போயிற்று.

வேதியியல் கட்டடம் என்றால் மாடிக்கு ஒன்று அது இருந்தாக வேண்டும். தாழ்வாரச் சுவரில் மேலே பெரிய பூவாளி, கீழே இரண்டு கண்ணையும் கழுவ ஒரு கிண்ணம், பக்கத்தில் சிவப்புக் கைப்பிடி. அமிலமோ காரமோ மேலே பட்டால் கைப்பிடியை இழுத்தால் போதும், அருவி மாதிரி கொட்டும். அதற்குத் தனிக் குழாய், தனி பம்ப். ஊருக்கே தண்ணீர் நின்றாலும் அதற்கு மட்டும் நிற்காது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நாலு மாடியிலும் இழுத்துப் பார்த்து, துருத் தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும் விட்டு, பக்கத்தில் தொங்கும் சீட்டில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். அதில் ஒரு தடவைக்கு ஒரு குளியல் தொட்டி தண்ணீர் போகும். பீப்பாயில் பிடித்துப் பார்த்தேன். பாதி தரையில் ஓடியது, மீதியை இழுத்துப் போனதில் இடுப்பு ஒடிந்தது. போதாததற்கு இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் பூவாளி ராத்திரி பகலாகச் சொட்டிக்கொண்டே இருந்தது.

அந்தக் கட்டடத்தில் பதினெட்டு வருஷமாக அந்தக் கைப்பிடியை ஒருவர் கூட ஆபத்துக்கு இழுத்ததில்லை. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடித்தளத்துப் பம்ப் அறைக்குப் போய் அந்தக் குழாயின் பெரிய வால்வைச் சுற்றி மூடினேன். மழை வந்தால் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். சீட்டில் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாமல் முத்திரை குத்திக்கொண்டு வந்தேன். முத்திரை குத்தாவிட்டால் உடனே கேள்வி வரும். குத்திவிட்டால் எங்கள் ஊரில் யாரும் எதையும் கேட்பதில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாங்கள் ஐந்தாவது. அதற்கடுத்த வாரம் இரண்டாவது. ஆஹோங் என் அறை வாசல் பக்கமே வரவில்லை. நான் அன்றைக்கு இரண்டு பெட்டி சாப்பாடு சாப்பிட்டேன்.

நாலாம் மாடியில் பெய்சென் என்று ஒரு பெண். முனைவர் பட்டத்துக்கு நாலாவது வருஷம், அந்த மாடியின் பாதுகாப்புப் பொறுப்பும் அவளுடையது. வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

"அக்கா, இந்தச் செவ்வாய்க்கிழமை ஷவர் பாத்தீங்களா? சத்தமே கேக்கலையே."

"நீ எட்டு மணிக்கு எந்திரிச்சு வந்தா கேக்கும். பத்து மணிக்கு வந்துட்டுச் சத்தம் கேக்கலைங்கிற."

"அதுவும் சரிதான்," என்று சிரித்தாள். சீட்டைப் பார்த்தாள், சிவப்பு முத்திரை இருந்தது, போய்விட்டாள். அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. இதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது.

நாலாவது முத்திரை குத்தின மறுநாள், புதன்கிழமை. மத்தியானம் இரண்டரை. குழாயில் தண்ணீர் இல்லாத நேரம். நான் நாலாம் மாடித் தாழ்வாரத்தில் வாளிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்துக்குள் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. வாரத்துக்கு நாலு உடையும், அதனால் நான் திரும்பக் கூட இல்லை. அடுத்த நொடி ஒரு அலறல்.

கதவை இடித்துக்கொண்டு பெய்சென் வெளியே வந்தாள். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தது, கை இரண்டும் காற்றைத் துழாவியது. பின்னாலேயே அவளோடு வேலை செய்யும் வெய்லுன் வந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"காரம்! அக்கா, காரத் தொட்டி தெறிச்சிடுச்சு, கண்ணுல!"

தண்ணீரை மிச்சம் பிடிக்க நான் சொன்ன வழிதான் அதுவும். அழுக்குக் குடுவைகளைக் குழாயில் கழுவாமல் கெட்டியான காரக் கரைசலில் ஊறப்போட்டு எடுக்கச் சொல்லியிருந்தேன். குடுவை கை நழுவித் தொட்டிக்குள் விழுந்திருக்கிறது. இருபத்தெட்டு டிகிரிப் புழுக்கத்தில் பாதுகாப்புக் கண்ணாடி வேர்த்துப் போய், துடைப்பதற்காக அப்போதுதான் நெற்றிக்கு ஏற்றியிருந்தாளாம்.

அமிலத்தை விடக் காரம் பொல்லாதது. அமிலம் பட்ட இடத்தோடு நிற்கும், காரம் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும் போது நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். உடனே கழுவ வேண்டும், கால் மணி நேரம் நிற்காமல் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கண் போய்விடும்.

பெய்சென் பதறவில்லை. அதுதான் கொடுமை. சுவரைத் தடவிக்கொண்டே நேராக ஷவர் கிண்ணத்தின் முன்னால் போய்க் குனிந்து நின்று, விரலால் இமைகளைப் பிரித்துக்கொண்டாள்.

"அக்கா, இழுங்க!"

என் கை தானாகக் கைப்பிடிக்குப் போயிற்று. இழுத்தேன். கைப்பிடி லேசாகக் கீழே வந்தது. ஒன்றும் வரவில்லை.

"அக்கா, இழுங்கக்கா! எரியுது!"

"இழுத்துட்டேன்," என்றேன்.

வெய்லுன் என்னைத் தள்ளிவிட்டு அவனும் இழுத்தான், ஆட்டினான், சுவரைக் குத்தினான். "ஏன் வரலை? இது எப்பவும் வரணுமே! ஏன் வரலை?" அவனுக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாளியில் ஏசித் தண்ணீர் இருந்தது. அதில் தூசி, கறுத்த அழுக்கு, செத்த கொசு. அதை எரிகிற கண்ணில் ஊற்ற மனம் வரவில்லை. குழாய்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. அப்போது சத்தம் கேட்டுப் பக்கத்து அறைகளிலிருந்து வந்து நின்ற பிள்ளைகளின் கையைப் பார்த்தேன். எங்கள் ஊரில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் யாரும் வெளியே கிளம்ப மாட்டார்கள்.

"பாட்டில்! எல்லாரும் பாட்டிலை எடுங்க! குடிக்கிற தண்ணி எங்க இருந்தாலும் கொண்டு வாங்க! ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க! ஒருத்தர் முடியறதுக்குள்ள இன்னொருத்தர்! மூக்குப் பக்கத்துலேருந்து வெளிப்பக்கமா ஊத்துங்க!"

"அக்கா, என்னோடதுல டீ இருக்கு!"

"டீயைக் குடிச்சுத் தொலை! தண்ணி கொண்டு வா! ஒருத்தன் ஆம்புலன்ஸ் கூப்பிடு!"

முதல் பாட்டில் கவிழ்ந்தது. பெய்சென் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். வலியில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். நான் திரும்பி ஓடினேன்.

லிஃப்ட் பொத்தானை அழுத்தின பிறகுதான் நினைவு வந்தது. அதை நிறுத்தினதும் நான்தான். அதன் சாவி மட்டும் கீழே என் மேஜையில். இப்படி ஒரு மடச்சி உலகத்தில் உண்டா? படிக்குப் பாய்ந்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, வலது முழங்காலில் தேய்மானம், படி இறங்கினால் நறநறவென்று அரைக்கும். அன்றைக்கு அந்த முழங்கால் இருந்ததே தெரியவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு பேராசிரியர் கட்டுக் காகிதத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார். அவரை மோதினேன், காகிதம் பறந்தது. "என்ன அவசரம்?" என்றார். நின்று பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு மாடியிலும் அந்தச் சிவப்புக் கைப்பிடியும் பக்கத்தில் சீட்டும் கண்ணில் பட்டன. எல்லாவற்றிலும் என் முத்திரை.

அடித்தளத்துக் கதவின் பூட்டு. சாவிக்கொத்தில் நாற்பத்தொரு சாவி. இருட்டில் எந்தச் சாவி என்று தொட்டே சொல்லுவேன் என்று ஆஹோங்கிடம் பந்தயம் கட்டியவள் நான். அன்றைக்கு மூன்று தப்புச் சாவி நுழைத்தேன். நாலாவதில் திறந்தது.

வால்வைப் பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. நாலு வாரமாகச் சும்மா கிடந்து இறுகிவிட்டது. மூடும்போது ஒரு சொட்டு கூடக் கசியக் கூடாது என்று என் பலம் எல்லாவற்றையும் போட்டு இறுக்கியவளும் நானேதான். தொங்கிப் பார்த்தேன், காலைச் சுவரில் உதைத்து இழுத்துப் பார்த்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. "திற, திற, திற, சனியனே!" என்று கத்தினது சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. மூலையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. அதைச் சக்கரத்தின் கம்பிக்குள் செருகி மேலே ஏறி மிதித்தேன். ஒரு கிரீச். இன்னொரு மிதி. பிறகு சுற்றியது. பம்ப் உறுமியது, குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. மேலே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடி இழுத்தபடியே இருந்தது. கிண்ணத்திலிருந்து முதலில் காற்று சீறியது, பிறகு கறுப்பும் பழுப்புமாகத் துருத் தண்ணீர் வந்தது. வாரா வாரம் விட்டிருந்தால் அது வராது.

"முகத்தை அதுல வைக்காதீங்க! தெளியட்டும்! பாட்டில் இருக்கா?" என்று கத்தினேன்.

"கடைசிப் பாட்டில் அக்கா!" என்றாள் ஒரு பெண். தாரை உடையாமல் ஊற்றினாள். தாழ்வாரத்தில் எள் விழ இடமில்லை. எல்லாரும் அந்தப் பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பழுப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் வெளுத்தது.

"இப்ப!"

பெய்சென் முகத்தை அதற்குள் வைத்தாள். நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். வெய்லுன் இமைகளைப் பிரித்துப் பிடித்தான். இருபது நிமிஷம் அப்படியே நின்றோம். தண்ணீர் தரையில் வழிந்து, தாழ்வாரத்தில் ஓடி, படியில் இறங்கியது. அந்த வருஷத்தில் அவ்வளவு தண்ணீரை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. இன்னும் ஓடட்டும், தொட்டி காலியாகட்டும் என்று வேண்டிக்கொண்டே நின்றேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அவளைக் கொண்டு போன பிறகு பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு கை தட்டினார்கள். "அக்கா கீழ போய் அடைப்பை எடுத்துட்டாங்க!" என்றான் வெய்லுன். அவன் கண்ணில் தண்ணீர். என் கையில் ரத்தத்தைப் பார்த்து யாரோ துணி சுற்றினார்கள். நான் வாயைத் திறந்தேன். என்னவோ சொல்லத்தான் திறந்தேன். திரும்ப மூடிக்கொண்டேன்.

துறை அலுவலகத் தலைவர் ஷென் மூச்சிரைக்க வந்தார். முதலில் அவர் பார்த்தது சீட்டைத்தான். நாலு வாரம், நாலு முத்திரை. அவர் முகத்தில் உயிர் வந்தது.

"நல்ல வேளை, சோதனை எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கு. தண்ணிய வாரத்துல ரெண்டு நாள் நிறுத்துறாங்கல்ல, குழாய்ல காத்து அடைச்சிருக்கும். என்னக்கா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவருக்கு அது போதும்.

இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. தைரியமாகச் சொல்லிவிடுவேன் என்று காலையில் நினைப்பேன், ஓய்வுக்கு இரண்டு வருஷம்தானே என்று மத்தியானம் நினைப்பேன். வெள்ளிக்கிழமை ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெய்செனின் அம்மா யுன்லினிலிருந்து வந்திருந்தார். பூண்டு பயிர் செய்கிறவர், என் வயதுதான் இருக்கும், விரல் நுனியெல்லாம் மண் கறை. நான் யாரென்று தெரிந்ததும் எழுந்து வந்து கட்டுப் போட்ட என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? என் பொண்ணு ரெண்டு நாளா உங்களைப் பத்தித்தான் பேசுறா. இந்த வயசுல நாலு மாடி ஓடியிருக்கீங்களே தாயீ. நீங்க இல்லேன்னா என் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் போயிருக்கும்."

கட்டிலில் பெய்செனின் இரண்டு கண்ணிலும் கட்டு. "அக்காவா?" என்று முகத்தைத் திருப்பினாள். "வலது கண்ணு தப்பிச்சிடுச்சுக்கா. பாட்டில் தண்ணி அதுக்குத்தான் நல்லா பட்டிருக்கு. இடதுலதான் வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியுது. யாராவது கண்ணு குடுத்தா மாத்திப் பாக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கும் உறுதி சொல்ல மாட்டேங்கிறாரு. எல்லாம் என் தப்பு. கண்ணாடியை ஏத்திவிட்டது நான்தானே?"

அவள் அம்மா ஒரு பெரிய பை வேர்க்கடலையை என் மடியில் வைத்தார். "எங்க நிலத்துல விளைஞ்சதுங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது."

அந்தப் பையின் கனம் என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். தைரியம் ஒன்றும் வரவில்லை எனக்கு. அந்தக் கடலையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது என்று மட்டும் தெரிந்தது.

"அந்தக் குழாயை மூடினது நான்தான்," என்றேன்.

"என்ன குழாய்?" என்றார் அம்மா.

"ஷவர் குழாய். அடைப்பும் இல்ல, காத்தும் இல்ல. தண்ணி மிச்சம் பிடிக்கறதுக்காக நாலு வாரம் முன்னாடி நானே கீழ போய் மூடினேன். மூடிட்டுச் சோதனை பண்ணின மாதிரி முத்திரை குத்தினேன். இறுக்கி மூடினதும் நான், ஓடிப் போய்த் திறந்ததும் நான்."

கடுகு போன இடத்தைத் தேடினவள், பூசணிக்காய் போனதைப் பார்க்காத கதைதான் என் கதை. ஆனால் அதையெல்லாம் அங்கே சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அந்த அம்மா என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்து கடலைப் பையை என் மடியிலிருந்து எடுத்து, மேஜை மேல் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பெய்செனின் குரல் மெல்லியதாக இருந்தது.

"நான் நொடி எண்ணிக்கிட்டிருந்தேன்க்கா. நீங்க இழுத்ததுலேருந்து. இருநூத்தி அறுபத்தி எட்டு. அப்புறம்தான் நல்ல தண்ணி வந்துச்சு. சீட்டைப் பாத்தேனே நான், செவ்வாய்க்கிழமை பாத்தேனே, எல்லாம் சரியாத்தானே இருந்துச்சுன்னு அதையே நினைச்சு நினைச்சு எண்ணினேன்."

"என்னைத் திட்டு. என்ன வேணா சொல்லு."

"உங்களைத் திட்டினா உங்களுக்கு நல்லா இருக்கும். எனக்கு என்ன?" முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஓடினதுக்கு நன்றி சொல்லியாச்சு. மூடினதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. என்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடாதீங்க. சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லுங்க. எழுதிக் குடுங்க. இப்பப் போங்கக்கா."

போனேன். நேராக வளாகத்துக்குத்தான்.

ஷென் மேஜையில் அறிக்கை தயாராக இருந்தது. ஒரே பக்கம். 'நீர் நிறுத்தத்தால் குழாயில் ஏற்பட்ட காற்றடைப்பு' என்று எழுதி, கீழே என் முத்திரைக்கு இடம் விட்டிருந்தார்.

"ஒரு முத்திரைதான் அக்கா. முடிஞ்சுது."

"காத்து அடைக்கலை சார். வால்வை நான்தான் மூடினேன். நாலு முத்திரையும் பொய்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மெதுவா பேசுங்க. உங்களுக்கு ஓய்வுக்கு எத்தனை வருஷம் இருக்கு? இதை எழுதினா பொறுப்புல இருக்கற எல்லாருக்கும் சங்கடம். நடந்தது நடந்துடுச்சு. இப்ப அந்த வால்வு திறந்துதானே இருக்கு? இனிமே என்ன ஆபத்து?"

"மத்த கட்டடத்துல யாராவது போய்ப் பாத்தாங்களா சார்?"

"எதுக்குப் பாக்கணும்? நான் ஏழு கட்டடத்துச் சீட்டையும் வரவழைச்சுப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் முத்திரை சரியா இருக்கு."

என் சீட்டிலும் முத்திரை சரியாகத்தான் இருந்தது. அவருடைய பேனாவையே எடுத்து, அந்த அறிக்கையின் பின்பக்கத்தில் நடந்ததை ஐந்து வரியில் எழுதினேன். வால்வை எந்தத் தேதியில் மூடினேன், எத்தனை பொய் முத்திரை, எல்லாம் எழுதினேன். கீழே என் முத்திரையைக் குத்தினேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து இயற்பியல் கட்டடத்துக்கு நடந்தேன்.

அங்கே மூன்றாம் மாடியில் உலோகத்தை அமிலத்தில் அரிக்கிற ஆய்வகம் உண்டு. அதன் வாசலிலும் ஒரு ஷவர், பக்கத்தில் சீட்டு. ஆஹோங்கின் முத்திரைகள் வரிசையாக, நேராக, ஒன்று கூட விடாமல். என்னைப் பார்த்துவிட்டு அவனே படியேறி வந்தான்.

"என்னம்மா யூஷியா, எங்க கட்டடத்துத் தண்ணியைத் திருட வந்தியா? இந்த வாரமும் நாங்கதான் முதல், தெரியும்ல?"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இரண்டு பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு அமிலத் தட்டின் மேல் குனிந்திருந்தார்கள்.

"தள்ளு," என்றேன்.

"ஏய், அதைத் தொடாத!" ஆஹோங்கின் சிரிப்பு சட்டென்று நின்றது. "யூஷியா, சொன்னாக் கேளு, அதை இழுக்காத!"

இழுத்தேன். ஒரு சொட்டு கூட விழவில்லை.